பரவல் வேறு, இருப்பு வேறு: ‘பிரிவலென்ஸ்’ என்ற சொல்

“கிராமப்புற இளைஞர்களிடையே எச்.ஐ.வி. பரவல் 2 சதவீதம்.” இப்படி ஒரு வரி கண்ணில் பட்டால், நோய் அந்த வேகத்தில் பரவிக்கொண்டிருக்கிறது என்றுதான் பலரும் எடுத்துக்கொள்வார்கள். ஆய்வாளர் சொன்னது அதுவல்ல. கணக்கெடுத்த சமயத்தில் நூறு பேரில் இரண்டு பேருடைய உடலில் வைரஸ் இருந்தது, அவ்வளவுதான். அது போன மாதம் வந்ததா, பிறக்கும்போதே வந்ததா என்பதெல்லாம் அந்த எண்ணுக்குத் தெரியாது.

ஆய்வாளர் ஆங்கிலத்தில் எழுதிய சொல் ‘பிரிவலென்ஸ்’ (prevalence). லத்தீனில் ‘பிரே’ என்றால் முன். ‘வலேரே’ என்றால் வலுவாக இருத்தல். மற்றவற்றை மிஞ்சி வலுத்து நிற்பது என்பது பழைய பொருள். அதில் ஓட்டம் இல்லை, நிலைதான் இருக்கிறது. நம் ‘பரவல்’ பரவு என்ற வினையிலிருந்து பிறந்த தொழிற்பெயர். தீ பரவும், வதந்தி பரவும். கடலுக்குப் ‘பரவை’ என்று ஒரு பெயர் உண்டு, ஆகவே விரிந்து கிடத்தல் என்ற பொருளும் அந்த வேரில் இல்லாமலில்லை. ஆனால் இன்று நோயோடு சேர்த்துச் சொன்னால் ஓட்டம்தான் காதில் விழுகிறது. கூடவே எச்.ஐ.வி.யை ஏதோ ஒட்டுவாரொட்டி நோய்போலவும் காட்டிவிடுகிறது. தொட்டால் வராது, ஒரே தட்டில் சாப்பிட்டாலும் வராது.

ஓட்டத்தைக் குறிக்க ஆய்வாளர்களிடம் வேறு சொல் இருக்கிறது: ‘இன்சிடென்ஸ்’ (incidence). மேலே வந்து விழுதல் என்பது அதன் வேர்ப்பொருள். நாமும் ‘நோயில் விழுந்தான்’ என்கிறோமே, அதேதான். இதற்குப் ‘புதுத்தொற்று வீதம்’ என்றும், பிரிவலென்ஸுக்கு ‘இருப்பு வீதம்’ என்றும் எழுதலாம் என்பது என் கட்சி.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஓர் ஊரில் 15 முதல் 24 வயதுக்குள் 1,000 பேர். ஆண்டுத் தொடக்கத்தில் 20 பேருக்குத் தொற்று இருக்கிறது. இருப்பு 2 சதவீதம். அந்த ஆண்டில் புதிதாக 5 பேருக்கு வருகிறது. புதுத்தொற்று வீதத்துக்கு இந்த ஐந்தை ஆயிரத்தால் வகுக்கக் கூடாது, 980ஆல் வகுக்க வேண்டும். ஏற்கெனவே தொற்று உள்ளவருக்குப் புதிதாகத் தொற்று வரப் போவதில்லை. அடுத்த ஆண்டு புதிதாக 3 பேர்தான். இதற்குள் யாரும் இறக்கவில்லை, ஊரைவிட்டுப் போகவில்லை, 24ஐத் தாண்டவும் இல்லை என்றால் மொத்தம் 28. புதுத்தொற்று குறைந்திருக்கிறது, இருப்போ கூடியிருக்கிறது. இதைப் ‘பரவல் அதிகரிப்பு’ என்று எழுதினால் நல்ல செய்தி கெட்ட செய்தியாகிவிடும். 1996இல் கூட்டு மருந்துச் சிகிச்சை வந்த பிறகு இந்தச் சிக்கல் இன்னும் பெரிதானது. மருந்து உயிரைக் காக்கிறது, உயிரோடு இருப்பவர் கணக்கிலும் இருக்கிறார்.

இளையோர் விஷயத்தில் மட்டும் ஒரு வேடிக்கை. 15–24 வயதினரில் பெரும்பாலோர் பாலுறவைத் தொடங்கிச் சில ஆண்டுகள்தான் ஆகியிருக்கும். தொற்று இருந்தால் அது அண்மையில் வந்ததாகத்தான் இருக்க வேண்டும். அதனால் இந்த வயதினரின் இருப்பு வீதத்தையே புதுத்தொற்றை மறைமுகமாகக் காட்டும் நிழலாக ஆய்வாளர்கள் வைத்துக்கொண்டார்கள். அதாவது, ‘பரவல்’ என்ற தப்பான மொழிபெயர்ப்பு ஏறக்குறையச் சரியாக வருகிற ஒரே இடம் இதுதான்! ஆனால் பிறவியிலேயே தொற்றோடு வந்த குழந்தைகள் இப்போது மருந்தின் துணையோடு வளர்ந்து அதே வயதுக்கு வருகிறார்கள். நிழல் மறுபடி கலங்கிவிட்டது. கிராமத்தில் இன்னொரு தொல்லையும் உண்டு. வேலை தேடி வெளியூர் போன இளைஞர், கணக்கெடுக்க வருகிற நாளில் வீட்டில் இருப்பதில்லை.

அப்புறம் ‘ரிஸ்க் ஃபேக்டர்’. 1961இல் அமெரிக்காவின் ஃபிரேமிங்காம் இதய ஆய்வின் கட்டுரை ஒன்றிலிருந்து பிரபலமான தொடர் இது. தமிழில் ‘இடர்க் காரணி’. ‘ஃபேக்டர்’ லத்தீனில் செய்பவர், ‘காரணி’யின் வடமொழி வேரும் ‘செய்’ என்பதுதான். பொருத்தம் என்னவோ அழகு, ஆனால் அங்கேதான் வழுக்குகிறது. காரணி வேறு, காரணம் வேறு. காரணம் வைரஸ்; ஆணுறையில்லாத உறவு, பகிர்ந்த ஊசி, தாயிடமிருந்து குழந்தைக்கு என்று அது வரும் வழிகள் சில. வயதில் மிகவும் மூத்த துணை, பாதியில் நின்ற படிப்பு, பிழைப்புக்காக ஊர்விட்டு ஊர் போவது, எட்டாத தூரத்தில் பரிசோதனை நிலையம் ஆகியவை வாய்ப்பைக் கூட்டும் காரணிகள். நிலையம் பக்கத்திலேயே இருந்து, அங்கே ரத்தம் எடுப்பவர் சித்தியின் சிநேகிதியாக இருந்தாலும் பையன் போக மாட்டான். அதையும் காரணிகளில் சேர்க்கத்தான் வேண்டும். ‘ஆபத்துக் காரணி’ என்பதைவிட ‘இடர்க் காரணி’ எனக்குப் பிடிக்கிறது. முன்னது அந்த இளைஞரையே ஆபத்து என்று சுட்டுவதுபோல் படுகிறது.

சரி, முதலில் பார்த்த வரியை எப்படி எழுதுவது? “ஊரக இளையோரிடையே எச்.ஐ.வி. இருப்பு வீதம் 2 சதவீதம்.” வீதம் இரண்டு முறை வந்து இடிக்கிறது, முதல் ‘வீதத்தை’ எடுத்துவிடலாம்.