ஷட்டர் பட்டனில் ஸ்பிரே அடிக்காதீர்கள்

ஷட்டர் பட்டன் மக்கர் செய்கிறது என்று சர்வீஸ் மேஜைக்கு வரும் டிஎஸ்எல்ஆர்களில் எத்தனையோ கேமராக்கள் டபிள்யூடி-40 என்ற எண்ணெய் ஸ்பிரேயின் வாடையோடு வந்து இறங்குகின்றன. பட்டனைச் சுற்றி எண்ணெய் மினுமினுக்கும். லென்ஸைக் கழற்றினால் மிரருக்கு மேலே ஃபோகசிங் ஸ்கிரீனிலும் ஒரு எண்ணெய்த் திட்டு. பட்டனுக்கு அடியில் மின் இணைப்புத் தரும் ஒரு கான்டாக்டைத் துடைத்தால் முடிந்திருக்க வேண்டிய வேலை, கேமரா முழுவதையும் பிரித்துக் கழுவுகிற வேலையாகிவிடுகிறது.

முதலில் கெட்டிருப்பது பட்டன்தானா என்று பாருங்கள். லென்ஸில் உள்ள சுவிட்சை ஏஎஃப்பிலிருந்து (தானியங்கி ஃபோகஸ்) எம்எஃப்புக்கு (கையால் ஃபோகஸ்) தள்ளிவிட்டு அழுத்துங்கள். படம் விழுந்தால் பட்டன் நன்றாகத்தான் இருக்கிறது. ஃபோகஸ் கிடைக்காததால் கேமரா எடுக்க மறுத்திருக்கிறது. கேனானில் ஒன் ஷாட், நிக்கானில் ஏஎஃப்-எஸ் என்ற ஃபோகஸ் முறைகள் இரண்டுமே வழக்கமாக அப்படித்தான் நடந்துகொள்ளும். இருட்டு மண்டபத்தில் வெறும் வெள்ளைச் சுவரைக் குறிவைத்து அழுத்திவிட்டுப் பட்டனைக் குறை சொல்வதில் நியாயமில்லை.

எம்எஃப்பிலும் விழவில்லை என்றால் வயர் ரிமோட்டைச் செருகுங்கள். கேனானின் தொடக்கநிலை மாடல்களில் அது 2.5 மிமீ ஸ்டீரியோ ஜாக்: நுனி ஷட்டர், நடு வளையம் ஃபோகஸ், அடி கிரவுண்ட். ரிமோட் இல்லாவிட்டால், வயரோடு கூடிய ஒரு ஜாக்கைச் செருகி மூன்று வயர்களின் முனைகளையும் ஒரு கணம் சேர்த்துத் தொடவைத்தாலே போதும். இப்படிப் படம் விழுந்து, பட்டனில் மட்டும் விழாவிட்டால் கோளாறு பட்டனில்தான். இரண்டிலுமே விழாவிட்டால் பட்டனை விட்டுவிட்டு வேறு இடம் பாருங்கள்.

பட்டன் வேறு, ஷட்டர் வேறு. சென்சாருக்கு முன்னால் ஓடும் தகடுகள்தான் ஷட்டர். 1,00,000 கிளிக், 1,50,000 கிளிக் என்று ஆயுள் சொல்வதும் அதற்குத்தான். பட்டன் பழுதுக்கு ஷட்டர் யூனிட்டை மாற்றச் சொன்னால், எதை வைத்துச் சொல்கிறார்கள் என்று கேளுங்கள்.

பல டிஎஸ்எல்ஆர்களில் பட்டனுக்கு அடியில் மெல்லிய உலோக இலைகள் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கும். பாதி அழுத்தினால் முதல் கான்டாக்ட் சேர்ந்து ஃபோகஸும், வெளிச்சத்தை அளக்கும் மீட்டரிங்கும் ஓடும். முழுதாக அழுத்தினால் இரண்டாவது சேர்ந்து படம் விழும். வியர்வை உப்பு, கடற்கரைக் காற்று, கல்யாண வீட்டில் விரலில் ஒட்டும் சந்தனம், விபூதி எல்லாம் பட்டனின் ஓரம் வழியாக இங்கேதான் இறங்கும். வீட்டு சுவிட்சில் ஓடும் மின்சாரம், லேசான படலம் இருந்தால் தானே எரித்துக்கொண்டு போய்விடும். இங்கே ஓடுவது வெறும் சிக்னல். கண்ணுக்குத் தெரியாத அழுக்குப் படலமே அதைத் தடுத்துவிடும். பாதி அழுத்தம் வேலை செய்து முழு அழுத்தம் வேலை செய்யாமல் போவதும், பட்டனை நசுக்கினால்தான் படம் விழுவதும் இதனால்தான்.

இனி ஸ்பிரே விஷயம். டபிள்யூடி என்பதற்குப் பொருளே நீரை விலக்குவது. ஈரத்தை விரட்டி, எண்ணெய்ப் படலத்தை விட்டுச் செல்வதற்காகச் செய்த பொருள் அது. அடித்தவுடன் பட்டன் வேலை செய்வது உண்மைதான். அழுக்கு இளகி ஓரமாக நகர்ந்திருக்கும். ஆனால் எண்ணெய் அங்கேயே தங்கித் தூசியைப் பிடித்து வைக்கும், சில நாளில் பழைய கோளாறே திரும்பி வரும். அதற்குள் மிச்ச எண்ணெய் கீழே இறங்கியிருக்கும். ஷட்டர் தகடுகளில் பட்டால் அவை ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அப்போது உண்மையாகவே ஷட்டர் போய்விடும்.

சானிடைசரும் வேண்டாம். உலக சுகாதார நிறுவனத்தின் சூத்திரத்திலேயே 1.45 சதவீதம் கிளிசரால் உண்டு. ஆல்கஹால் பறந்துவிடும், அந்தப் பிசுக்கு நிற்கும். 70 சதவீத ஸ்பிரிட்டில் மீதி பெரும்பாலும் தண்ணீர். வேண்டியது 99 சதவீத ஐசோபுரொபைல் ஆல்கஹால். சென்னை ரிச்சி தெரு போல எலக்ட்ரானிக்ஸ் சாமான் விற்கும் இடங்களில் ஐபிஏ என்று கேட்டால் தருவார்கள்.

திறக்காமல் ஒரே ஒரு முயற்சி செய்யலாம். பேட்டரியைக் கழற்றுங்கள். ஊசி முனையில் ஒரு சிறு துளி ஐபிஏவைப் பட்டன் ஓரத்தில் வைத்து, கேமராவைக் கவிழ்த்துப் பிடித்து முப்பது நாற்பது முறை அழுத்துங்கள். வழிவதைத் துடைத்துவிட்டு, சில மணி நேரம் காயவிட்ட பிறகே பேட்டரியைப் போடுங்கள். ஒரு துளிதான், ஊற்றக் கூடாது. நிக்கானில் பட்டனைச் சுற்றியே பவர் சுவிட்ச் இருப்பதால் அதன் கிரீஸும் கரைந்துவிடும்.

இதற்கும் சரியாகாவிட்டால் மேல்மூடியைத் திறக்க வேண்டும். இங்கே எச்சரிக்கையாகவே சொல்கிறேன்: ஃபிளாஷ் உள்ள கேமராவில் அதற்கு மின்சாரம் சேர்த்துவைக்கும் கெபாசிட்டர் 300 வோல்ட் அளவுக்குச் சார்ஜ் ஆகியிருக்கும். பேட்டரியைக் கழற்றிவிட்டோமே என்று நம்பாதீர்கள். 2 கிலோஓம், 5 வாட் ரெசிஸ்டரை இன்சுலேட் செய்த பிடியால் பிடித்து, கெபாசிட்டரின் முனைகளில் ஐந்து விநாடி வைத்து, மல்டிமீட்டரில் பார்த்த பிறகே கைவையுங்கள். ஸ்க்ரூடிரைவரால் ஷார்ட் செய்வது முட்டாள்தனம். போர்டும் போகும், கையும் சுடும். இந்த இடத்தில் தயக்கம் வந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள், தவறே இல்லை.

ஜப்பானியக் கேமராக்களின் ஸ்க்ரூவுக்கு ஜேஐஎஸ் என்ற ஜப்பானியத் தர முனை வேண்டும். சாதாரண பிலிப்ஸ் முனை தலையைத் தின்றுவிடும். ஸ்க்ரூக்களின் நீளமும் வேறு வேறு, எடுத்த இடத்தைப் படம் வரைந்து ஒட்டிவையுங்கள். இலைகள் கண்ணுக்குத் தெரிந்ததும், ஐபிஏவில் நனைத்த மெல்லிய காகிதக் கீற்றை இடையில் விட்டு, லேசாக அழுத்தியபடி இழுங்கள். கறுப்புக் கோடு விழும். கோடு விழாத வரை புதுக் கீற்றால் இழுத்துக்கொண்டே இருங்கள். அதன்பின் அழுத்திப் பிடித்து மல்டிமீட்டரை வைத்தால் 1 ஓம் அளவில் அசையாமல் நிற்க வேண்டும். உப்புத்தாளோ பிளேடோ வேண்டவே வேண்டாம். மேலிருப்பது மைக்ரான் கணக்கிலான தங்கப் பூச்சு. இலையை வளைக்கவும் வேண்டாம், இடைவெளி குறைந்தால் பாதி அழுத்தத்திலேயே படம் விழத் தொடங்கும்.

காம்பாக்ட், மிரர்லெஸ் கேமராக்கள் பலவற்றில் இலைக்குப் பதில் ஒட்டிய டோம் சுவிட்ச், அதாவது அழுத்தினால் உள்வாங்கும் சிறு உலோகக் குமிழ். டோம் நசுங்கியிருந்தால் துடைத்துப் பயனில்லை, அது ஒட்டியிருக்கும் ஃபிளெக்ஸ் என்ற வளையும் சர்க்யூட்டோடு மாற்றுவதுதான் வழி. அதுவரை கையில் முகூர்த்தம் இருந்தால் ரிமோட்டை வைத்துச் சமாளிக்கலாம், லைவ் வியூவில் டச் ஷட்டர் இருந்தால் அதுவும் உதவும்.

ஏற்கெனவே ஸ்பிரே அடித்துவிட்டீர்களா? பேட்டரியை எடுத்துவிடுங்கள், மேலும் அழுத்திப் பார்க்காதீர்கள். சர்வீஸுக்குக் கொடுக்கும்போது எதை, எப்போது, எவ்வளவு அடித்தீர்கள் என்று மறைக்காமல் சொல்லிவிடுங்கள். எண்ணெயை எடுக்கும் முறை வேறு, சானிடைசர் பிசுக்கை எடுக்கும் முறை வேறு.