திகைப்பூண்டும் பொய்க்கால் எறும்பும்

சென்ற மாதம் மேல்பழனி மலையில் ஓர் ஓரியன்டீரிங் போட்டியில், அதாவது வரைபடத்தைப் பார்த்துக் காட்டில் கொடிகளைத் தேடி ஓடும் பந்தயத்தில், ஓடினேன். பூம்பாறைக்குப் போகும் சாலைக்குக் கீழே ஒரு தனியார் எஸ்டேட். பாதி பைன், பாதி வாட்டில் புதர். ஐந்தாவது கொடியைத் தேடி 23 நிமிடம் அலைந்தேன். நான் சுற்றிச் சுற்றி வந்த பாறைக்கு நேர் மேலே, சுமார் 70 மீட்டர் தள்ளித்தான் கொடி இருந்தது. கையில் வரைபடம், திசைகாட்டி, பத்து வருடப் பழக்கம் எல்லாம் இருந்தும் இப்படி.

சுள்ளி பொறுக்க வந்த ஓர் அம்மா என்னைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். கடைசியில் கேட்டேவிட்டார்: “ஏன் தம்பி, திகைப்பூண்டை மிதிச்சுட்டீகளா? மூணாவது தரம் இதே வழியா போறீக.”

போட்டியில் வெளியாளிடம் வழி கேட்கக்கூடாது. சிரித்துவிட்டு ஓடினேன். ஆனால் அவர் கேட்ட கேள்வி வீடு வரை கூடவே வந்தது.

திகைப்பூண்டைத் தெரியாதவர்களுக்காக: காட்டில் அந்தச் செடியின் மேல் கால் பட்டால் திசை மயங்கிவிடும், போன இடத்துக்கே திரும்பத் திரும்ப வந்து நிற்போம் என்பது நம் ஊர்களில் பழைய நம்பிக்கை. அப்படி மிதித்தாலே மூளையைக் குழப்பும் செடி எதுவும் கிடையாது. காலடியில் பட்ட இலை நம் திசை உணர்வை மாற்ற வழியே இல்லை. ஆனால் அந்த நம்பிக்கைக்குள் ஓர் உண்மையான கவனிப்பு இருக்கிறது. மனிதர்கள் காட்டில் சுற்றிச் சுற்றித்தான் வருகிறார்கள். 2009இல் யான் சோமன் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவும் ஜெர்மனியில் ஒரு சமதளக் காட்டில் ஆட்களை நேராக நடக்கச் சொல்லி, ஜிபிஎஸ் கருவியால் தடம் பிடித்தார்கள். வெயில் அடித்தபோது நேராகப் போனவர்கள், மேகம் மூடியதும் வட்டமடித்தார்கள். தாங்கள் வட்டமடிப்பது அவர்களுக்கே தெரியவில்லை. கண்ணைக் கட்டிவிட்டால் 20 மீட்டர் குறுக்களவுள்ள வட்டங்கூடப் போட்டார்கள். சூரியன், நிலா, மலைமுகடு என்று வெளியே ஏதாவது ஒரு பிடிமானம் இல்லாவிட்டால், ஒவ்வோர் அடியிலும் சேரும் சின்னப் பிசகு கூடிக்கொண்டே போகும். நம் முன்னோர்கள் கண்டது சரி. காரணத்தைச் செடியின் தலையில் போட்டதுதான் தவறு.

சரி, என் கதைக்கு வருகிறேன். ஓரியன்டீரிங் என்றால் வரைபடத்தையும் திசைகாட்டியையும் மட்டும் வைத்துக்கொண்டு, காட்டில் மறைத்து வைத்த ஆரஞ்சு வெள்ளைக் கொடிகளை வரிசையாகத் தொட்டு ஓடும் பந்தயம். 1897இல் நார்வேயில் முதல் பொதுப்போட்டி நடந்தது. பாதையை நீங்களே தேர்ந்துகொள்ளலாம். எங்கள் வரைபடம் 1:10,000 அளவு. ஒரே உயரமுள்ள இடங்களை இணைக்கும் சம உயரக்கோடுகளுக்கு இடையே 5 மீட்டர் உயர வித்தியாசம்.

நான்காவது கொடியிலிருந்து ஒரு மண்பாதை வளைவுக்கு வந்தேன். அந்த வளைவு சந்தேகத்துக்கு இடமில்லாத இடம். அங்கிருந்து நேர் மேலே, வரைபடத்தில் 2 சென்டிமீட்டர், அதாவது 200 மீட்டர். ஓர் ஓடைப் பள்ளத்தின் தலைமாட்டில் பாறை, பாறையின் மேற்குப் பக்கம் கொடி. வளைவிலிருந்து திசை பிடித்து ஏறத் தொடங்கினேன். அந்த நேரம் பார்த்து மஞ்சு இறங்கியது. பத்து மரத்துக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை.

‘மலையில் காந்தப் பாறை இருந்திருக்கும், முள் ஏமாற்றியிருக்கும்’ என்று அப்புறம் ஒரு நண்பர் சொன்னார். இல்லை. வழித்தடத்தை வீட்டில் போட்டுப் பார்த்தேன், திசை ஒழுங்காகவே இருந்தது. பழனி மலைப் பக்கம் திசைகாட்டியில் வரும் வில்லங்கம் வேறு வகை. பூமியின் காந்த நடுக்கோடு தமிழ்நாட்டின் தெற்கை ஒட்டிப் போவதால் இங்கே காந்த முள் ஏறக்குறையப் படுக்கையாக நிற்கும். வட ஐரோப்பாவில் வடமுனை வெகுவாகக் கீழே இழுபடும் என்பதால், அங்கே விற்கும் முள்ளின் தென்பக்கம் சற்று எடை கூட்டிச் சமன் செய்திருப்பார்கள். அதை அப்படியே கொடைக்கானலுக்குக் கொண்டுவந்தால் தென்முனை தாழ்ந்து அடியில் உராயும். என்னுடையது இந்தப் பகுதிக்கென்று சமன் செய்தது. முள் சுதந்திரமாகத்தான் ஆடியது.

பிழை தூரத்தில் நடந்தது.

காட்டில் தூரத்தை அளக்க நாங்கள் காலடி எண்ணுவோம். இடது கால் தரையில் படும்போது மட்டும் ஓர் எண்ணிக்கை. சமதளத்தில் எனக்கு 100 மீட்டருக்கு 62. ஆகவே 200 மீட்டருக்கு 124 எண்ணி நின்றேன். எதிரே ஒரு பாறை. பக்கத்தில் ஒரு சின்னப் பள்ளம். இதுதான் என்று முடிவு கட்டினேன்.

கணக்கை இப்போது போட்டுப் பாருங்கள். சரிவு ஏறத்தாழ 20 பாகை. வரைபடம் மேலிருந்து பார்த்த தூரத்தைத்தான் காட்டும். சரிவின் மேல் நடக்கும் தூரம் அதைவிட அதிகம். 200ஐ கோசைன் 20ஆல் வகுத்தால் 213 மீட்டர். 13 மீட்டர்தான் வித்தியாசம், அது பெரிய விஷயமில்லை. அடியின் நீளம்தான் ஆளைக் கவிழ்த்தது. சமதளத்தில் இரண்டு எட்டுக்கு 1.6 மீட்டர் போகும் கால், வாட்டில் புதருக்குள் ஏறும்போது 1.1 மீட்டர்தான் போகிறது. 124ஐ 1.1ஆல் பெருக்கினால் 136 மீட்டர். வரைபடத்தில் அது 128 மீட்டர். அதாவது 70 மீட்டருக்கு மேல் குறைவாக ஏறிவிட்டு, வந்து சேர்ந்துவிட்டதாக நினைத்திருக்கிறேன்.

இந்தப் பிழையைத் துல்லியமாக எறும்பைச் செய்யவைத்துக் காட்டியிருக்கிறார்கள். எனக்கு மிகவும் பிடித்த ஆய்வுகளில் ஒன்று அது.

துனிசியாவின் உப்புப் பாலையில் கேட்டக்ளிஃபிஸ் என்ற எறும்பு இருக்கிறது. தரை கொதிக்கும் வெயிலில் தனியாக இரை தேடிப் போகும். அந்தச் சூட்டில் வாசனைத் தடம் நிற்காது. வளைந்து நெளிந்து நூறு மீட்டருக்கு மேலும் போகும். இரை கிடைத்ததும் வந்த வழியே திரும்பாது. அம்பு விட்டாற்போல் நேராகக் கூட்டுக்கு ஓடிவரும். எப்படி? பள்ளிக்கூடத்தில் படித்த வெக்டார் கூட்டல்தான். ஒவ்வொரு துண்டுப் பாதைக்கும் திசையும் தூரமும் தெரிந்தால், எல்லாவற்றையும் கூட்டி, குறியை மாற்றினால் வீட்டுக்கு வழி. திசையை அது வானத்தின் தளவிளைவுற்ற ஒளியிலிருந்து, அதாவது ஒரு குறிப்பிட்ட தளத்தில் அதிரும் ஒளியிலிருந்து, படிக்கிறது. கூட்டுக்கண்ணின் மேல்விளிம்பில் அதற்கென்றே தனிச் சிறுகண்கள் உண்டு. தூரத்தை எப்படி அளக்கிறது?

மத்தியாஸ் விட்லிங்கர், ரூடிகர் வேனர், ஹரால்ட் வோல்ஃப் மூவரும் 2006இல் இதற்கு விடை கண்டார்கள். எறும்பைக் கூட்டிலிருந்து 10 மீட்டர் நடந்து இரைக்கு வரவிட்டார்கள். இரை கையில் கிடைத்து, ‘இனி வீடு’ என்ற நிலையில் இருக்கும்போது பிடித்து, கால்களில் பன்றி முடியை ஒட்டி நீட்டினார்கள். பொய்க்கால் குதிரை மாதிரி பொய்க்கால் எறும்பு! வேறு சில எறும்புகளுக்குக் காலைக் குட்டையாக்கினார்கள். பிறகு வேறொரு தடத்தில் விட்டார்கள். பொய்க்கால் எறும்பு 10 மீட்டரில் நிற்கவில்லை. ஏறத்தாழ 15 மீட்டர் போய்த்தான் கூட்டைத் தேடியது. குட்டைக்கால் எறும்பு 6 மீட்டருக்குள்ளேயே நின்று தேடத் தொடங்கியது. போனபோது எத்தனை எட்டு வைத்ததோ அத்தனை எட்டைத் திரும்பி வைத்திருக்கிறது, எட்டின் நீளம் மாறியது அதற்குத் தெரியாது. அதே எறும்புகளைப் புதுக்காலோடு கூட்டில் விட்டு, மறுபடி அங்கிருந்தே புறப்படவிட்டால் தூரம் சரியாக வந்தது. போக்கும் வரவும் ஒரே காலில் என்பதால்.

வாட்டில் புதருக்குள் ஏறியபோது நான் அந்தக் குட்டைக்கால் எறும்பு. சமதளத்தில் எடுத்த எண்ணிக்கையை, குறுகிப்போன அடியில் செலவழித்துவிட்டு நின்றேன்.

இதில் இன்னொன்றும் இருக்கிறது, மலையில் ஓடும் எவரையும் அது உறுத்தும். 2001இல் வேனரும் அவருடைய சகாக்களும் எறும்பை மேடும் பள்ளமுமான தடத்தில் நடக்கவிட்டு, பிறகு சமதளத்தில் விட்டுப் பார்த்தார்கள். ஏறி இறங்கிய மொத்தத் தூரத்தை எறும்பு நடக்கவில்லை. மேலிருந்து பார்த்தால் எவ்வளவு இருக்குமோ அந்தத் தூரத்தை மட்டும் நடந்தது. அதாவது நான் வீட்டில் கால்குலேட்டரை எடுத்துப் போட்ட கோசைன் கணக்கை, கடுகளவு மூளை நடந்துகொண்டே போட்டுவிடுகிறது. இதை முதன்முதலில் படித்த அன்று இரவு எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை.

ஆனால் என் 23 நிமிடத்துக்கு எண்ணிக்கைப் பிழை மட்டும் காரணமல்ல. எண்ணினால் பிசகும், எறும்புக்கும் பிசகும். அதனால்தான் கணக்கு முடிந்த இடத்தில் கூடு இல்லையென்றால் எறும்பு ஒரு சுற்றுப் போய் அதே இடத்துக்குத் திரும்பும், அடுத்து இன்னும் பெரிய சுற்று, மறுபடி அதே இடம். கணக்கு காட்டிய புள்ளியைச் சுற்றித்தான் கூடு இருக்க அதிக வாய்ப்பு. முக்கியமாக, தன் கணக்கை அது எப்போது பூஜ்யமாக்குகிறது தெரியுமா? கூட்டுக்குள் நுழைந்த பிறகுதான். வாசல் பக்கத்தில் வந்ததெல்லாம் கணக்கில் சேராது.

நான் ஒரு பாறையைப் பார்த்ததுமே பூஜ்யமாக்கிவிட்டேன். ‘இதுதான் அந்தப் பாறை’ என்று ஒருமுறை மனம் எழுதிக்கொண்டதும், அதற்கு மாறாகக் கண்ணில் பட்டதையெல்லாம் அதுவே வளைத்துக்கொண்டது. கொடி இல்லையா? யாரோ எடுத்திருப்பார்கள். வரைபடத்தில் உள்ள கம்பி வேலி இல்லையா? பழைய வரைபடமாக இருக்கும். பள்ளம் ஆழமில்லையா? மழையில் மண் நிரம்பியிருக்கும். 14 சம உயரக்கோடு ஏறியிருக்க வேண்டியவன் 9 கோடுதான் ஏறியிருந்தேன். மூச்சு வாங்கிய அளவு எனக்குப் போதுமானதாகப் பட்டது. 2,000 மீட்டர் உயரத்தில் மூச்சு எப்போதும்தான் வாங்கும். மண்பாதை வளைவு இரண்டு நிமிட இறக்கத்தில் இருந்தது. இறங்கிப்போய் அங்கிருந்து மறுபடி தொடங்கியிருந்தால் மொத்தம் ஏழெட்டு நிமிடத்தில் முடிந்திருக்கும். அந்த இரண்டு நிமிடத்தைக் கொடுக்க மனம் வரவில்லை. பந்தயத்தில் பின்னோக்கிப் போவது அவ்வளவு கஷ்டம்.

அந்த அம்மா கேட்டது அப்போதுதான். திகைப்பூண்டு என்ற பேச்சில் எனக்கு உள்ள ஒரே வருத்தம் இதுதான்: செடியை மிதித்துவிட்டோம் என்று நம்புகிறவர் தான் எங்கே தப்பெண்ணினோம் என்று தேடமாட்டார். காந்தப் பாறை என்ற என் நண்பரும் அதே வேலையைத்தான் வேறு பெயரில் செய்கிறார்.

எறும்புக் காலில் பன்றி முடி ஒட்டுவதற்குப் பணம் கொடுத்தவர்களையும் நினைத்துக்கொள்கிறேன். ‘இதனால் என்ன பயன்?’ என்று கேட்கும் விண்ணப்பப் படிவத்தில் அந்த ஆய்வாளர்கள் என்ன எழுதியிருக்க முடியும்? நம் நாட்டில் ஆய்வு நிதி அந்தக் கேள்வியிலேயே சிக்கிக்கொள்கிறது. பழனி மலைச் சோலைக்குள், வானமே தெரியாத இருட்டில், ஓர் எறும்பு எப்படி வீடு திரும்புகிறது என்று கேட்கும் மாணவிக்கு நான்கு வருட உதவித்தொகை கிடைக்க வேண்டும். உடனடிப் பயன் எதுவும் காட்டாமலே கிடைக்க வேண்டும். கொடைக்கானல் வானாய்வகத்தில் 1909இல் ஜான் எவர்ஷெட் சூரியக் கரும்புள்ளியிலிருந்து வாயு வெளியே ஓடுவதைக் கண்டபோதும் எவருக்கும் அதனால் உடனே காசு வரவில்லை.

மஞ்சு விலகியது. பள்ளத்துக்கு அப்பால் எஸ்டேட்டின் தண்ணீர்த் தொட்டி தெரிந்தது. அது வரைபடத்திலும் இருந்தது. தொட்டிக்குத் திசை பிடித்துக் கோடு இழுத்ததும் நான் நிற்கும் இடம் புரிந்துவிட்டது. நேர் மேலே ஏறினேன். கம்பி வேலி வந்தது, ஆழமான பள்ளம் வந்தது, அதன் தலைமாட்டில் பெரிய பாறை, மேற்குப் பக்கம் கொடி.

போன ஞாயிறு ஊருக்குப் பக்கத்துச் சரிவில் நாடாவைப் பிடித்து அளந்து ஏறி இறங்கினேன். திசைகாட்டியின் விளிம்பில் இப்போது ஒரு சின்ன ஒட்டுத்தாள் இருக்கிறது: சமதளம் 62, புல் ஏற்றம் 78, புதர் ஏற்றம் 97, இறக்கம் 54. மழைக்குப் பிந்தைய வழுக்கலில் இன்னும் அளக்கவில்லை.