காராமணி வேருக்குள் ஒரு சிவப்பு

எர்ணாவூர் வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்: வீட்டுக்குப் பின்னால் வெறும் கடல் மணல். காராமணி போட்டு, வாரா வாரம் யூரியா வைத்தும் கொடி மதில் ஏறியதே தவிர, பூவைக் காணோம். என்ன உரம் போடலாம்?

முதலில் யூரியாவை நிறுத்துங்கள், அம்மா. மண்ணில் அது நைட்ரேட்டாக மாறும். நைட்ரேட்டைப் பிடித்துவைக்க மணலுக்குத் தெம்பில்லை. இரண்டு குடம் தண்ணீர் ஊற்றினால் வேரைத் தாண்டிக் கீழே போய்விடும். செடிக்குக் கிடைத்த கொஞ்சமும் இலையாகத்தான் போகும். அதைவிடப் பெரிய நஷ்டம், சும்மா தழைச்சத்து (அதாவது நைட்ரஜன்) கிடைக்கும்போது செடி வேர் முடிச்சுகளைச் சரியாக வளர்க்காது.

அந்த முடிச்சைப் பார்க்க வேண்டுமே! முப்பது நாள் செடி ஒன்றை, மணலை நனைத்து மெதுவாகப் பிடுங்குங்கள். வேரோரம் மிளகு போல ஒட்டியிருக்கும். நகத்தால் கீறினால் உள்ளே இளஞ்சிவப்பு. நம் ரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபினுக்கு உறவுக்காரப் புரதம் அது, பெயர் லெக்ஹீமோகுளோபின். உள்ளே குடியிருக்கும் ரைசோபியம் பாக்டீரியா, நைட்ரஜனேஸ் என்ற நொதியால் காற்றிலுள்ள நைட்ரஜனை அம்மோனியாவாக்குகிறது. ஆக்சிஜன் பட்டால் அந்த நொதி கெட்டுவிடும். ஆனால் பாக்டீரியா மூச்சுவிட ஆக்சிஜன் வேண்டும். இந்தச் சிவப்புப் புரதம் ஆக்சிஜனைக் கட்டிப்பிடித்து, தேவைக்கு மட்டும் கிள்ளிக் கிள்ளிக் கொடுக்கிறது. பக்கத்தில் மணலியில் உரத் தொழிற்சாலை இருக்கிறது. அம்மோனியா தயாரிக்கத் தொழிற்சாலைக்கு 400 டிகிரிக்கு மேல் சூடும், சாதாரணக் காற்றழுத்தத்தைப் போல நூறு மடங்குக்கு மேல் அழுத்தமும் வேண்டும். காராமணி அதையே ஈர மணலில் சத்தமில்லாமல் செய்கிறது. எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு ஆச்சரியம் அடங்கவில்லை.

சரி, உரம். பயறு வகைக்கான ரைசோபியம் பாக்கெட்டை வாங்கி, ஆறின அரிசிக் கஞ்சியில் குழைத்து விதையில் பூசி, நிழலில் உலர்த்தி அன்றே விதையுங்கள். மக்கிய தொழுவுரம் தாராளமாகப் போடுங்கள், மணலில் ஈரத்தையும் சத்தையும் பிடித்துவைப்பது அதுதான். மணிச்சத்துக்கு (பாஸ்பரஸ்) எலும்புத்தூள். பொட்டாஷைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்து வையுங்கள். கிணற்று நீர் உப்பென்றால் முடிச்சு குறையும். உப்பைத் தாங்கும் ரைசோபியம் வகைகளைத் தேடும் ஆய்வுக்கு அரசு இன்னும் பணம் ஒதுக்க வேண்டும். கடலோர ஜனங்களுக்கு அது அவசியம்.

ஒரு எச்சரிக்கை: மணலில் நூற்புழுவும் வேரில் கட்டி போடும். நல்ல முடிச்சு விரலால் தட்டினால் உதிரும். புழுக் கட்டி உதிராது, வேரே வீங்கியிருக்கும். உதிர்கிற முடிச்சாக இருந்தால், காய் பறித்து முடித்ததும் தண்டை மட்டும் அறுத்துவிட்டு வேரை மணலிலேயே விட்டுவிடுங்கள். அடுத்து அங்கே கீரை விதைக்கலாம்.