சாலை விபத்து நடந்தால் நமக்கு உள்ள உரிமைகள்: முதல் ஒரு மணி நேரத்திலிருந்து இழப்பீடு வரை

கோயம்புத்தூரைச் சேர்ந்த எலும்பு அறுவை மருத்துவர் டாக்டர் எஸ்.ராஜசேகரன் 2012-ல் உச்ச நீதிமன்றத்தில் ஒரு பொதுநல வழக்கு தொடுத்தார். சாலை விபத்துச் சாவுகளைத் தடுக்க அரசு முறையாகச் செயல்பட வேண்டும் என்பது கோரிக்கை. அந்த வழக்கில் 2014-ல் உச்ச நீதிமன்றம் சாலைப் பாதுகாப்புக்கென ஒரு குழுவை அமைத்தது. பத்து ஆண்டு தாண்டியும் அதே வழக்கில் உத்தரவுகள் வந்தன. இன்று விபத்தில் சிக்கியவர்களுக்குக் கிடைக்கிற சில உரிமைகளின் வேர் அங்கேதான் இருக்கிறது. ஆனால் அந்த உரிமைகளைக் கேட்டு வாங்குகிறவர்கள் குறைவு. காகிதத்தில் இருப்பது வீட்டுக்கு வந்து சேர வேண்டுமானால், எங்கே போய் என்ன கேட்க வேண்டும் என்பது முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும்.

முதலில் தூக்குகிறவரைப் பற்றிப் பேசுவோம். அடிபட்டவரைச் சுற்றிப் பத்துப் பேர் நின்றும் யாரும் கை வைக்காததற்குக் காரணம் ஈரமின்மை அல்ல. போலீஸ், கோர்ட் என்று அலைய வேண்டியிருக்குமே என்ற பயம்தான். 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு இந்தப் பயத்துக்கு நேரடியாகப் பதில் சொல்கிறது. நல்ல எண்ணத்தோடு உதவிய ஒருவர் மீது, அந்த உதவியின்போது கவனக்குறைவாக ஏதாவது நடந்து அடிபட்டவருக்குப் பாதிப்பு வந்தாலும், சிவில் வழக்கோ கிரிமினல் வழக்கோ போட முடியாது. 2020-ல் வந்த விதிகள் இன்னும் தெளிவானவை. பெயர், முகவரி, போன் நம்பர் கொடுக்கச் சொல்லிப் போலீசார் கட்டாயப்படுத்தக் கூடாது. விரும்பினால் மட்டும் கொடுக்கலாம். சாட்சி சொல்ல நீங்களாகச் சம்மதித்தால், உங்களுக்குத் தோதான நேரத்தில், உங்கள் வீட்டிலோ வேலையிடத்திலோகூட விசாரிக்கலாம். ஆஸ்பத்திரியில் சேர்த்ததும் நீங்கள் கிளம்பிவிடலாம். இந்த உரிமைகளை ஆஸ்பத்திரி வாசலில் எழுதி வைக்க வேண்டும் என்பதும் விதிதான்.

உதவியவருக்குப் பரிசும் உண்டு. படுகாயம் அடைந்தவரை விபத்து நடந்த ஒரு மணி நேரத்துக்குள் ஆஸ்பத்திரியில் சேர்த்துக் காப்பாற்ற முயன்றவருக்கு, மத்திய அரசு 2021-ல் 5,000 ரூபாய் அறிவித்தது. 2025-ல் அது ‘ராஹ்-வீர்’ என்ற பெயரில் 25,000 ரூபாய் ஆனது. தகுதியானவர்களைக் கலெக்டர் தலைமையிலான குழு முடிவு செய்கிறது. பணத்துக்காக யாரும் ஓடிப்போய்த் தூக்கப் போவதில்லை. ஆனாலும், உதவியவரைச் சந்தேகத்தோடு பார்த்துப் பழகிய ஒரு அமைப்பு அவருக்கு நன்றி சொல்வது நல்ல மாற்றம் என்றே நினைக்கிறேன்.

சரி, ஆஸ்பத்திரிக்கு வந்தாயிற்று. அடுத்த கேள்வி பணம். தமிழ்நாட்டில் 2021 டிசம்பர் 18 அன்று மேல்மருவத்தூரில் தொடங்கப்பட்ட ‘இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48’ திட்டம் இதற்காகத்தான். விபத்து நடந்த முதல் 48 மணி நேரத்துக்கான அவசர சிகிச்சைச் செலவை அரசே ஏற்கிறது. தொடக்கத்தில் இதற்கு ஒருவருக்கு 1 லட்சம் ரூபாய் வரை என்று வரம்பு வைத்தார்கள். திட்டத்தில் சேர்ந்த தனியார் ஆஸ்பத்திரிகளுக்கும் இது பொருந்தும். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இல்லாவிட்டாலும் பரவாயில்லை, ரேஷன் கார்டு கேட்க மாட்டார்கள், வெளிமாநிலத்தவராக இருந்தாலும் சிகிச்சை உண்டு. தமிழ்நாட்டு எல்லைக்குள் விபத்து நடந்திருந்தால் போதும். 48 மணி நேரத்துக்குப் பிறகு, முதலமைச்சர் காப்பீட்டில் இருப்பவர்கள் அதே இடத்தில் சிகிச்சையைத் தொடரலாம். மற்றவர்கள் அரசு ஆஸ்பத்திரிக்கு மாறலாம், அல்லது சொந்தச் செலவில் அங்கேயே இருக்கலாம்.

மத்திய அரசின் திட்டம் வந்தது கொஞ்சம் தாமதமாக. சட்டத்தில் இடம் இருந்தும் திட்டம் எழுதப்படாமலே கிடந்தது. 2025 ஜனவரியில், அதே ராஜசேகரன் வழக்கில், மார்ச் 14-க்குள் திட்டத்தைக் கொண்டுவர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் கெடு வைத்தது. மே மாதம் அறிவிப்பு வந்தது. அதன்படி நாட்டின் எந்தச் சாலையில் மோட்டார் வாகன விபத்து நடந்தாலும், விபத்து நாளிலிருந்து 7 நாள் வரை, ஒருவருக்கு 1.5 லட்சம் ரூபாய் வரை கட்டணமில்லாச் சிகிச்சை. திட்டத்தில் சேராத ஆஸ்பத்திரியாக இருந்தால், உயிர் நிலைப்படுத்தும் முதல்கட்ட சிகிச்சை மட்டும்தான் இதில் வரும். ஆகவே ஆம்புலன்ஸ் ஏறும்போதே, திட்டத்தில் உள்ள ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லுங்கள். அட்மிஷன் போடும் இடத்தில் “விபத்து கேஸ், அரசுத் திட்டத்தில் சேருங்கள்” என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். கேட்காதவரிடம் முன்பணம் வாங்கும் வழக்கம் இன்னும் போகவில்லை. விபத்தைப் போலீசில் பதிவு செய்வதும் முக்கியம். அது சிகிச்சைக்கும் வேண்டும், பின்னால் வரும் இழப்பீட்டுக்கும் வேண்டும்.

இழப்பீட்டில் பலருக்கும் தெரியாதது, அடித்துவிட்டு நிற்காமல் போன வண்டிக்கான திட்டம். வண்டி நம்பர் தெரியாது, இன்சூரன்ஸ் எதில் என்று தெரியாது, யார் மேல் வழக்குப் போடுவது? பெரும்பாலான குடும்பங்கள் இந்த இடத்தில் கைவிட்டுவிடுகின்றன. கைவிட வேண்டியதில்லை. 2022 ஏப்ரல் 1 முதல், இப்படிப்பட்ட விபத்தில் இறந்தவர் குடும்பத்துக்கு 2 லட்சம் ரூபாயும், கொடுங்காயம் அடைந்தவருக்கு 50,000 ரூபாயும் உண்டு. அதற்கு முன்பு இது 25,000, 12,500 என்றுதான் இருந்தது.

விண்ணப்பத்தைக் கொடுக்க வேண்டியது விபத்து நடந்த பகுதியின் கோட்டாட்சியர் அல்லது தாசில்தார் நிலையில் உள்ள விசாரணை அலுவலரிடம். நீங்கள் குடியிருக்கும் ஊர் அலுவலகம் அல்ல என்பதைக் கவனியுங்கள். முதல் தகவல் அறிக்கை நகல், பிரேதப் பரிசோதனை அறிக்கை அல்லது காயச் சான்று, சிகிச்சை பில், அடையாளச் சான்று, வங்கிப் பாஸ்புக் நகல் ஆகியவற்றைச் சேர்த்துக் கொடுக்க வேண்டும். அவர் ஒரு மாதத்துக்குள் விசாரித்து அறிக்கை தர வேண்டும். கலெக்டர் ஒப்புதல் கொடுத்த பிறகு பணம் வங்கிக் கணக்குக்கு வரும். பிறகு வண்டி பிடிபட்டு வேறு வழியில் இழப்பீடு கிடைத்தால் இந்தத் தொகை அதில் கழிக்கப்படும்.

இந்தத் திட்டத்தைப் பயன்படுத்தியவர்கள் மிகக் குறைவாக இருப்பதைக் கண்டு, 2024 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இன்னொரு உத்தரவும் போட்டது. ஒரு மாதம் தேடியும் வண்டி கிடைக்காவிட்டால், இப்படி ஒரு இழப்பீடு இருக்கிறது, இன்ன அலுவலரிடம் கேளுங்கள் என்று போலீசாரே எழுத்தில் தெரிவிக்க வேண்டும். அந்தக் கடிதம் வரவில்லை என்றால் ஸ்டேஷனில் போய்க் கேளுங்கள், கேட்பது உங்கள் உரிமை.

வண்டி அடையாளம் தெரிந்திருந்தால் வழி வேறு. மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயத்தில் மனுப் போட வேண்டும். விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் போட வேண்டும் என்று சட்டம் சொல்வதால் தள்ளிப்போடாதீர்கள். வக்கீல் வைக்க வசதியில்லாதவர்கள் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். பெண்களுக்கும், எஸ்சி, எஸ்டி பிரிவினருக்கும் அங்கே வருமான வரம்பு கிடையாது.

அப்புறம், சாலை. விபத்துக்குப் பின் கிடைப்பதைப் பற்றியே இவ்வளவு பேசினோம், ஆனால் பல விபத்துகளுக்குச் சாலையே காரணம். 2022-ல் நாட்டில் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். மொத்தச் சாலை நீளத்தில் 2 சதவீதம் மட்டுமே உள்ள தேசிய நெடுஞ்சாலைகளில் அந்தச் சாவுகளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நடந்தது. தேசிய நெடுஞ்சாலையில் ஏறக்குறைய 500 மீட்டருக்குள், மூன்று ஆண்டுகளில் உயிரிழப்போ கொடுங்காயமோ ஏற்பட்ட 5 விபத்துகள், அல்லது மொத்தம் 10 சாவுகள் நடந்திருந்தால் அது ‘பிளாக் ஸ்பாட்’. அப்படிக் கணக்கில் வந்த இடத்தைச் சரிசெய்வது சாலைத் துறையின் கடமை. வடிவமைப்புத் தரத்தைப் பின்பற்றாததால் ஒருவர் இறந்தால், பொறுப்பான அதிகாரிக்கோ ஒப்பந்ததாரருக்கோ 1 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க மோட்டார் வாகனச் சட்டத்தின் 198ஏ பிரிவு இடம் தருகிறது. ஒரு உயிருக்கு இந்தத் தொகை போதாது என்பதே என் கருத்து. ஆனாலும் ஓட்டுநரை மட்டுமே குற்றம் சொன்ன சட்டம், சாலை போட்டவரையும் கேள்வி கேட்கத் தொடங்கியிருக்கிறது.

உங்கள் ஊர் அருகே அடிக்கடி விபத்து நடக்கும் திருப்பமோ, விளக்கில்லாத சந்திப்போ இருந்தால், கடந்த மூன்று ஆண்டு விபத்து விவரத்தைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் போலீசாரிடம் கேட்டு வாங்குங்கள். அதை இணைத்து, மாவட்டச் சாலைப் பாதுகாப்புக் குழுவின் தலைவரான கலெக்டரிடம் திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் மனுக் கொடுங்கள். மனுவில் கிலோமீட்டர் கல் எண்ணை எழுதுங்கள், ஒப்புகைச் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். தேசிய நெடுஞ்சாலையில் உடனடி ஆபத்து என்றால் 1033, வேறு எந்தச் சாலையிலும் 112 அல்லது 108.