பற்கூழில் மிதக்கும் அணுக்கள்

போன மாதம் ஒரு பல் மருத்துவக் கட்டுரையின் மொழிபெயர்ப்பைச் சரிபார்க்கக் கொடுத்தார்கள். அதில் ஒரு வரி: ‘நலமான பற்கூழிலும் நோயெதிர்ப்பு அணுக்கள் மிதந்துகொண்டிருக்கின்றன.’ மூலத்தில் அவை ‘இருக்கின்றன’, அவ்வளவுதான். மொழிபெயர்த்தவர் கைக்கு ‘மிதந்து’ எங்கிருந்து வந்தது? கூழ் என்று எழுதிவிட்டால் அதில் எதையாவது மிதக்கவிடத்தானே தோன்றும்!

பல்லின் நடுவே இருக்கும் மென்மையான திசுவுக்கு ஆங்கிலத்தில் ‘பல்ப்’ என்று பெயர்; அதைத்தான் தமிழில் பற்கூழ் என்கிறார்கள். பல்ப் என்ற சொல் லத்தீன் ‘புல்பா’விலிருந்து வந்தது. அங்கே அதற்குப் பொருள் சதை. இறைச்சிக்கும் பழத்துக்கும் பொது. காகிதம் செய்ய அரைத்த கூழுக்கு அந்தப் பெயர் வந்ததெல்லாம் பிற்பாடு. நம்மவர்கள் அகராதியைத் திறந்ததும் கண்ணில் பட்டது அந்தக் காகிதக் கூழ்தான் போலிருக்கிறது.

கூழ் என்றால் நமக்கு என்ன? கேழ்வரகோ கம்போ, அரைத்துக் கரைத்துக் காய்ச்சியது. எங்கே மொண்டாலும் ஒரே மாதிரி இருக்கும். பல்லுக்குள் இருப்பதோ உயிருள்ள திசு. அதன் ஓரத்தில், அதைச் சூழ்ந்திருக்கும் கடினமான பல்திசுவை (டென்டின்) உருவாக்கும் அணுக்கள் வரிசையாக நிற்கின்றன. வேர் நுனித் துளை வழியே ரத்தக் குழாய்களும் நரம்புகளும் உள்ளே வருகின்றன. சொத்தையே இல்லாத பல்லிலும் நோயெதிர்ப்பு அணுக்கள் உண்டு, அவற்றுக்கு இடமும் உண்டு. கிளையணுக்கள் பெரும்பாலும் ஓரத்து வரிசையை ஒட்டி இருக்கும். கிருமியின் கழிவு பல்திசுவின் நுண்குழல் வழியாகக் கசிந்தால் முதலில் மோப்பம் பிடிப்பவற்றில் அவையும் உண்டு. பெருவிழுங்கிகளை உள்பக்கத்தில் ரத்தக் குழாய்களை ஒட்டிப் பார்க்கலாம். வெள்ளணு வகையான டி அணுக்களும் அங்கங்கே உண்டு; பி அணுக்கள் மிகக் குறைவு. இப்படி இடம் பார்த்துக் காவல் நிற்பதைக் கூழ் என்றால் எப்படி?

‘கலைச்சொல் பட்டியலில் ஏறிவிட்டது, விடுங்கள்’ என்பார்கள். பட்டியலில் ஏறியதாலேயே ஒரு சொல் சரியாகிவிடாது. ‘மென்மையாக இருக்கிறதே, கூழ் என்றால் என்ன?’ என்று இன்னொரு வாதம். மூளையும்தான் மென்மை, மண்டைக்கூழ் என்று யாராவது எழுதுகிறோமா?

சரி, மாற்று என்ன? மச்சை என்பது வடமொழி ‘மஜ்ஜா’. அதை எலும்புக்குக் கொடுத்தாகிவிட்டது. பல்ப் என்றே எழுதலாமென்றால், ‘பல்லுக்குள்ள பல்பு இருக்கா?’ என்று கேட்பார்கள். பல்லுக்கு வேர் சிகிச்சை செய்துகொண்டு மருத்துவமனை வாசலில் உட்கார்ந்திருப்பவர்கள் ‘நரம்ப எடுத்துட்டாங்க’ என்கிறார்கள். அது பாதி உண்மை. நரம்போடு ரத்தக் குழாயும் மற்றதும் சேர்ந்துதான் போகிறது. எனக்குப் பிடித்தது சோறு. கற்றாழைக்குள் இருப்பதைச் சோறு என்றுதானே சொல்கிறோம்? சோற்றுக்கற்றாழை என்ற பெயரே அதனால்தான். ஆனால் பற்சோறு என்று எழுதினால் மத்தியானம் சாப்பிட்டது பல்லிடுக்கில் மாட்டிக்கொண்ட மாதிரி இருக்கும். பற்சதை என்றால் ஈறு என்று எடுத்துக்கொள்வார்கள். ஆகவே உட்சதை, பல்லின் உட்சதை. கொஞ்சம் நீளம்தான், பொருள் மாறாது.

அப்புறம் இன்னொன்று. அதே கட்டுரையில் இரண்டு பத்தி தள்ளி, அதே அணுக்கள் ‘அழற்சி அணுக்கள்’ ஆகியிருந்தன. நலமான பல்லில் அழற்சி எங்கே வந்தது? படிக்கிறவர் நல்ல பல்லைப் பிடுங்கச் சொல்லிவிட்டால் யார் பொறுப்பு? ஒரு சொல்லை எடுத்தால் அடுத்த பக்கம் வரைக்குமாவது அதையே பிடித்துக்கொண்டிருக்கும் பொறுமை இப்போது மொழிபெயர்ப்பவர்களிடம் இல்லை. பட்டியலைத் திறக்கிறார்கள், முதல் சொல்லை ஒட்டுகிறார்கள், அனுப்பிவிடுகிறார்கள்.

நான் எல்லா இடத்திலும் உட்சதை என்று திருத்தி அனுப்பினேன். அச்சில் பற்கூழாகவே வந்தது. அணுக்கள் மட்டும் மிதப்பதை நிறுத்தியிருந்தன.