எக்ஸ் கதிர் ஏற்ற இறக்கம்: குவேசார்களைப் பற்றிப் பேசும்போது

குவேசார்களின் 'எக்ஸ்-ரே வேரியபிலிட்டி'யைத் தமிழில் எப்படிச் சொல்வது? ஒவ்வொரு சொல்லாகப் பார்ப்போம். குவேசார் என்ற பெயர் 1964-இல் ஹாங்-யீ சியூ என்ற வானியற்பியலாளர் வைத்தது. 'விண்மீன் மாதிரி' என்று பொருள்படும் 'குவாசி ஸ்டெல்லார்' என்பதன் சுருக்கம். தொலைநோக்கியில் வெறும் புள்ளியாகத் தெரிந்ததால் அப்படி. உண்மையில் அங்கே இருப்பது, விண்மீன் மண்டலம் ஒன்றின் நடுவில் வாயுவை விழுங்கிக்கொண்டிருக்கும் பெரும் கருந்துளை. 'விண்மீன்போலி' என்று பெயர்க்கலாம்தான். ஆனால் கோயமுத்தூரில் போலி என்றால் டூப்ளிகேட் உதிரிபாகம்தான் நினைவுக்கு வரும். குவேசார் என்றே விட்டுவிடலாம்.

3சி 273 என்ற குவேசாரின் இடத்தை 1962-இல், நிலா அதை மறைத்த நொடியைக் கணக்கிட்டு, ஆஸ்திரேலியாவின் பார்க்ஸ் தொலைநோக்கி வழியாகத் துல்லியமாகக் கண்டார்கள். நமக்கு மேட்டுப்பாளையம் தாண்டி மலையேறினால், ஊட்டியில் 530 மீட்டர் நீளத்துக்கு ஒரு வானொலித் தொலைநோக்கி இருக்கிறது. அதுவும் இந்த நிலா மறைப்பு முறைக்காகவே கட்டப்பட்டது.

அடுத்து எக்ஸ் கதிர். 1895-இல் அதைக் கண்டுபிடித்த இயற்பியலாளர் ரான்ட்ஜன், இன்னதென்று தெரியாமல் 'எக்ஸ்' போட்டுவைத்தது. தமிழில் ஊடுகதிர் என்றும் சொல்வோம். உடலை ஊடுருவும் கதிர், ஆனால் நம் காற்று மண்டலத்தை ஊடுருவ முடியாது! அதனால்தான் இந்தியாவின் ஆஸ்ட்ரோசாட் (2015) போன்ற செயற்கைக்கோள்கள் வேண்டியிருக்கின்றன.

இனி 'வேரியபிலிட்டி'. மாறுபாடு என்றால் இரண்டு பொருளுக்கு இடையிலான வேறுபாடு என்றும் படலாம். அலைவு, துடிப்பு என்றால் ஒரே சீரான தாளம் என்று ஆகிவிடும். துடிப்பு, சீரான இடைவெளியில் மின்னும் விண்மீனான பல்சாருக்கு உரியது. குவேசாரின் எக்ஸ் கதிருக்குத் தாளம் கிடையாது. ஈரோட்டு மஞ்சள் விலை மாதிரி ஏறும், இறங்கும், எப்போது என்று சொல்ல முடியாது. எனவே 'ஏற்ற இறக்கம்' என்பதே என் தேர்வு.

இந்த ஏற்ற இறக்கம் எவ்வளவு வேகமாக நடக்கிறது என்பதில்தான் விஷயமே இருக்கிறது. ஒளி மணிக்குச் சுமார் 108 கோடி கி.மீ. போகும். ஒரே நாளில் வெளிச்சம் இருமடங்கானால், அது வரும் பகுதி தோராயமாக 2,600 கோடி கி.மீ.க்கு மேல் இருக்க முடியாது. ஒரு முனையின் மாற்றம் மறுமுனைக்கு எட்டவே அவ்வளவு நேரம் வேண்டுமே. நெப்டியூன் சுற்றுப்பாதையின் குறுக்களவைப் போல மூன்று மடங்கு, அவ்வளவுதான். ஒரு விண்மீன் மண்டலத்துக்கு முன்னால் இது ஒன்றுமே இல்லை.

அந்தச் சிறிய இடத்தில், கருந்துளைக்கு அருகே 'கொரோனா' எனப்படும் மிகச் சூடான எலக்ட்ரான் கூட்டம் இருக்கிறது. சுற்றும் வாயுத் தட்டிலிருந்து வரும் புற ஊதா ஒளித்துகள்களை மோதி, ஆற்றலைக் கூட்டி, எக்ஸ் கதிராக்குவது அதுதான். பொதுவாகக் கருந்துளையின் நிறை கூடக்கூட, ஏற்ற இறக்கம் நிதானமாகிறது.