பானைத் தண்ணீர் தீர்வதற்குள்

ஏதென்ஸ் நகரின் பழைய சந்தைத் திடலான அகோராவில் தொல்லியலாளர்கள் ஒரு மண்பானையைக் கண்டெடுத்தார்கள். அடியில் சின்னத் துளை. சுமார் 6.4 லிட்டர் தண்ணீர் பிடிக்கும், முழுக்க வடிய ஏறக்குறைய 6 நிமிடம் ஆகும். கிரேக்கர்கள் இதை க்ளெப்சிட்ரா என்றார்கள். 'தண்ணீர்த் திருடி' என்று பொருள். நீதிமன்றத்தில் ஒருவர் பேச எழுந்ததும் துளையைத் திறந்துவிடுவார்கள். வழக்கு பெரிதானால் பானைகளின் கணக்கும் கூடும். ஆனால் தண்ணீர் நின்றால் பேச்சும் நிற்க வேண்டியதுதான்.

அந்த ஏதென்ஸில் இன்றைய அர்த்தத்தில் வக்கீல் கிடையாது. வழக்கு யாருடையதோ, பொதுவாக அவரே எழுந்து பேச வேண்டும். எதிரே சின்ன வழக்கென்றால் 201 ஜூரிகள், பெரிய பொது வழக்கென்றால் 501. சட்டத்தை விளக்கிச் சொல்ல நீதிபதி இல்லை. ஜூரிகள் கூடி விவாதிப்பதும் இல்லை, பேச்சு முடிந்த கையோடு வாக்குதான். ஏர் பிடிக்கிற மனிதர் ஒருவர் தன் நிலத்தைக் காப்பாற்ற, முன்பின் தெரியாத இருநூறு பேரைச் சில நிமிடங்களில் நம்பவைக்க வேண்டும். இந்த நெருக்கடியில்தான் பேச்சுக்கலை முறையான படிப்பாக வளர்ந்தது.

அதன் முதல் விதை சிசிலித் தீவின் சிரக்யூஸில் விழுந்தது என்பது மரபு. கி.மு. 460களில் அங்கே கொடுங்கோலாட்சி கவிழ்ந்ததும், பறிபோன நிலங்களை மீட்க வழக்குகள் குவிந்தன. சாட்சியோ பத்திரமோ இல்லாதவர்களுக்குக் கோராக்ஸ், டிசியாஸ் என்ற இருவர் ஒரு வழி சொல்லிக்கொடுத்தார்களாம். 'எது நடந்தது' என்று நிரூபிக்க முடியாதா? சரி, 'எது நடந்திருக்கக்கூடும்' என்று காட்டு. இதற்கு எய்கோஸ் என்று பெயர்.

இது எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க, லிசியாஸ் எழுதிய ஒரு பேச்சைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. லிசியாஸின் தொழிலே பிறருக்குப் பேச்சு எழுதிக் கொடுப்பது. அவரிடம் வந்தவன் யூஃபிலெட்டோஸ். மனைவியோடு இருந்த எரட்டோஸ்தனிஸைக் கையும் களவுமாகப் பிடித்துக் கொன்றவன். அதற்குச் சட்டத்தில் இடமிருந்தது. ஆனால் 'நீ திட்டமிட்டுப் பொறிவைத்தாய்' என்பது எதிர்த்தரப்பின் குற்றச்சாட்டு.

யூஃபிலெட்டோஸ் சட்டத்தில் ஆரம்பிக்கவில்லை, வீட்டில் ஆரம்பிக்கிறான். குழந்தை பிறந்தது. குளிப்பாட்ட மனைவி படியிறங்குவது ஆபத்தென்று அவளைக் கீழ்த்தளத்துக்கு மாற்றிவிட்டு, தான் மேலே போய்விட்டான். ஒருநாள் ராத்திரி கீழே கதவு கிறீச்சிட்டது. காலையில் கேட்டால், விளக்கு அணைந்துவிட்டது, பக்கத்து வீட்டில் நெருப்பு வாங்கப் போனேன் என்றாள். அவள் சகோதரன் செத்து முப்பது நாள்கூட ஆகவில்லை, முகத்தில் பூச்சு தெரிந்தது. 'அப்போதும் நான் ஒன்றும் சொல்லவில்லை' என்கிறான்.

கேட்பவர் மனத்தில் இதற்குள் ஒரு படம் விழுந்துவிடுகிறது: பாவம், இவன் வெள்ளந்தி. அப்புறம்தான் எய்கோஸ் வருகிறது. யூஃபிலெட்டோஸ் கேட்கிறான்: கொலை நடந்த அன்று மாலை நண்பன் ஒருவன் என்னோடு சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினான். முன்கூட்டியே திட்டம் போட்டிருந்தால் அவனைப் போக விட்டிருப்பேனா? ராத்திரியில் வீடு வீடாகக் கதவைத் தட்டி ஆள் தேடியிருப்பேனா?

ஒரு நூற்றாண்டு கழியும் முன்பே அரிஸ்டாட்டில் இந்த வித்தையைப் பிரித்துப் போட்டுப் பார்த்தார். பேச்சு நம்பவைப்பது மூன்று வழிகளில் என்றார்: பேசுபவரின் குணம் தெரியும் விதம் (எத்தோஸ்), கேட்பவரின் உணர்ச்சி (பாத்தோஸ்), வாதம் (லோகோஸ்). பள்ளிகளில் இந்த மூன்றையும் சூத்திரம்போல ஒப்பித்துவிட்டு நிறுத்திவிடுகிறார்கள். அரிஸ்டாட்டில் கூர்ந்து பார்த்த இடம் வேறு. என்துமேமா என்ற ஒன்றைத்தான் அவர் நம்பவைத்தலின் உடம்பு என்கிறார். அது ஒரு படி விடுபட்ட வாதம். டோரியஸ் என்ற வீரன், வெற்றி மாலையைப் பரிசாகத் தரும் போட்டியில் வென்றான் என்று காட்ட, 'ஒலிம்பிக்கில் வென்றான்' என்றால் போதும். ஒலிம்பிக்கின் பரிசு மாலை என்பது எல்லாருக்கும் தெரியும், அதைக் கேட்பவரே சேர்த்துக்கொள்வார். முடிவை முன்கூட்டியே ஊகித்துவிடும் கேட்பவர் தன்னைக் குறித்தே மகிழ்கிறார் என்றும் ஓரிடத்தில் சொல்கிறார். நுட்பமான கண்! நாமே கண்டுபிடித்ததாக நினைக்கிற முடிவோடு நாம் சண்டை போடுவதில்லை.

நினைவுக்கும் இதில் பங்குண்டு. 1978இல் ஸ்லமெக்கா, கிராஃப் என்ற உளவியலாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். சிலருக்குச் சொற்களை முழுதாகப் படிக்கக் கொடுத்தார்கள், சிலருக்கு ஒரு துணைச்சொல்லையும் முதலெழுத்தையும் கொடுத்து மிச்சத்தை நிரப்பச் சொன்னார்கள். தாங்களே நிரப்பிய சொற்கள்தான் அதிகம் நினைவில் நின்றன.

எத்தோஸையும் ஆய்வகத்தில் நிறுத்திப் பார்த்திருக்கிறார்கள். 1951இல் ஹோவ்லண்டும் வைஸும், அணுசக்தி நீர்மூழ்கிக் கப்பல் சாத்தியமா என்பது போன்ற கட்டுரைகளை அமெரிக்க மாணவர்களுக்குக் கொடுத்தார்கள். ஒரே கட்டுரைதான். சிலரிடம் எழுதியவர் அணு விஞ்ஞானி ஓப்பன்ஹைமர் என்றார்கள், சிலரிடம் சோவியத் நாளேடான பிராவ்தா என்றார்கள். விவரங்கள் இரு தரப்புக்கும் ஒரே அளவில் நினைவிருந்தன, கருத்து மாறியதென்னவோ நம்பகமான பெயரைப் பார்த்தவர்களிடம்தான் அதிகம். இதில் வேடிக்கை, நான்கு வாரம் கழித்துக் கேட்டபோது அந்த வித்தியாசம் கரைந்துவிட்டிருந்தது. யார் சொன்னது என்பது தேய்ந்து, சொன்னது மட்டும் தங்கிவிட்டது. வதந்தி பரப்புகிறவர்களுக்கு இது வசதியான செய்தி.

பாத்தோஸ் என்றதும் மேடையில் கண்ணீர் விடுவதென்று நினைக்க வேண்டாம். கோபத்துக்கு வேர் அவமதிப்பு என்கிறார் அரிஸ்டாட்டில்: தம்மை இகழத் தகுதியில்லாதவர் இகழ்ந்தார் என்ற எண்ணம். அப்படியானால் பேசுபவர் கத்த வேண்டியதில்லை. அவமதிப்பைக் கண்முன் நிறுத்தினால் கோபம் தானே வரும்.

இவ்வளவு ஆபத்தான கருவியைப் பிளேட்டோ வெறுத்ததில் ஆச்சரியமில்லை. மருத்துவத்துக்குச் சமையல் எப்படியோ, நீதிக்குப் பேச்சுக்கலை அப்படி என்றார்: உடம்புக்கு நல்லதைத் தராமல் நாக்குக்கு இனிப்பதைத் தருவது. ஆனாலும் கலை நிற்கவில்லை. ரோமில் சிசரோவும் குவின்டிலியனும் அதை வளர்த்தார்கள். இடைக்கால ஐரோப்பாவில் இலக்கணம், தர்க்கம் இவற்றோடு பேச்சுக்கலையும் அடிப்படைப் பாடமானது.

அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது, 1863 நவம்பர் 19 அன்று கெட்டிஸ்பர்க்கில் வீரர்களின் கல்லறைத் தோட்டத்தை அர்ப்பணித்தார்கள். முக்கியப் பேச்சாளர் எட்வர்ட் எவரெட், ஹார்வர்டில் கிரேக்கம் கற்பித்தவர். போரில் இறந்தவர்களை ஏதென்ஸ் எப்படி அடக்கம் செய்தது என்று தொடங்கி இரண்டு மணி நேரம் பேசினார். அடுத்து எழுந்த லிங்கன் சுமார் 270 சொற்களில் முடித்துவிட்டார். 'மக்களால், மக்களுக்காக' என்று வரும் நம் மேடை வாக்கியங்களுக்குத் தாய் அந்தப் பேச்சுதான். இரண்டு மணி நேரத்தில் நான் தொட முயன்றதை நீங்கள் இரண்டு நிமிடத்தில் தொட்டுவிட்டீர்கள் என்ற பொருளில் மறுநாள் எவரெட் அவருக்குக் கடிதம் எழுதினார். அகோராவின் பானையில் அப்போது நான்கு நிமிடத் தண்ணீர் மிச்சம் இருந்திருக்கும்.